ஜூம் பண்ணினால் மட்டும் போதுமா? மைக்ரோஸ்கோப் உண்மையில் செய்யும் வேலை இதுதான்!

தூரத்தில் இருக்கும் பெயர்ப் பலகையை போனில் போட்டோ எடுக்கிறீர்கள். எழுத்தைப் படிக்க இரண்டு விரல்களால் ஜூம் செய்கிறீர்கள். எழுத்து பெரிதாகிறது, ஆனால் படிக்க முடியவில்லை. ஒரே மங்கல். படத்தில் பதிவாகாத விவரத்தை எந்த ஜூமும் கொண்டுவந்து தராது.

மைக்ரோஸ்கோப்புக்கும் இதே கதைதான். ‘சின்னதைப் பெருசா காட்டுற கருவி’ என்று பலரும் பள்ளியில் படித்திருப்பார்கள். அது பாதி உண்மை. ஒட்டி நிற்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. இந்தத் திறனுக்குப் பெயர் பிரிதிறன்.

உள்ளே என்ன நடக்கிறது?

பரிசோதனைக் கூடங்களில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஒரு விளக்கு இருக்கும். அதன் ஒளியை கண்டென்சர் என்ற பகுதி குவித்து, ஸ்லைடில் உள்ள மாதிரியின் வழியே மேலே அனுப்புகிறது. மாதிரிக்கு மிக அருகில் இருக்கும் பொருளருகு லென்ஸ், பெரிதான, தலைகீழான பிம்பத்தைக் குழாய்க்குள் உருவாக்குகிறது. கண் வைத்துப் பார்க்கும் கண்ணருகு லென்ஸ் அதை இன்னும் பெரிதாக்குகிறது. கணக்கு ரொம்ப சிம்பிள்: பொருளருகு லென்ஸ் 40 மடங்கு, கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு என்றால் மொத்தம் 400 மடங்கு.

“அப்போ இன்னும் பவர்ஃபுல் லென்ஸ் போட்டு 10,000 மடங்கு பார்க்கலாமே?”

பார்க்கலாம், ஆனால் மங்கலாகத்தான் தெரியும். இங்கே தடை போடுவது ஒளியேதான். ஒளி ஓர் அலை. அந்த அலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதியைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒரே புள்ளியாகக் கலந்துவிடும். இந்த எல்லையை 1873-ல் விளக்கியவர் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே. மிகச் சிறந்த லென்ஸிலும் இது சுமார் 200 நானோமீட்டர்தான். ரத்தச் சிவப்பணுவின் அகலம் 7,000 நானோமீட்டருக்கு மேல் என்பதால் அது நன்றாகவே தெரியும். பெரும்பாலான பாக்டீரியாக்களும் தெரியும். சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொரோனா வைரஸின் உருவத்தைப் பார்க்க முடியாது.

ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்சம் சாயம்

100 மடங்கு லென்ஸில் பார்க்கும்போது, லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைந்து விலகிப் போகும். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் எண்ணெய் நடுவில் இருந்தால், சாய்வாக வரும் கதிர்களும் லென்ஸுக்குள் நுழையும். பிரிதிறன் கூடும்.

அடுத்த சிக்கல் நிறம். செல்களில் பெரும்பகுதி தண்ணீர்தான். அவற்றைப் பார்ப்பது தண்ணீர் டம்ளருக்குள் ஐஸ் கட்டியைத் தேடுவது மாதிரி. அதற்குத்தான் சாயம். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோச் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவிக்க முடிந்ததற்கு, அந்தக் கிருமியில் சாயம் ஏற்றும் வழியை அவர் கண்டுபிடித்திருந்ததும் முக்கியக் காரணம்.

ரத்தத் துளி சொல்லும் பதில்

இதெல்லாம் ஒன்றுசேரும் இடம் மலேரியா பரிசோதனை. ரத்தத் துளியை ஸ்லைடில் பூசி, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு, 1,000 மடங்கில் பார்க்கிறார்கள். தடித்த பூச்சில் கிருமி இருக்கிறதா என்பது தெரியும். மெல்லிய பூச்சில் அது எந்த வகை என்பது தெரியும்.

வகை ஏன் முக்கியம்? ஃபால்சிபாரம் வகை வேகமாக உயிருக்கே ஆபத்தாகலாம். வைவாக்ஸ் வகை கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். அதனால் சிகிச்சையும் மாறும். ரேபிட் டெஸ்ட் சீக்கிரம் பதில் தரும், உண்மைதான். ஆனால் அவற்றில் ஒரு வகை, கிருமி அழிந்த பிறகும் சில வாரங்கள் ‘பாசிட்டிவ்’ காட்டலாம். ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை குறைகிறதா, மருந்து வேலை செய்கிறதா என்று எண்ணிச் சொல்வது மைக்ரோஸ்கோப்தான். அதிலும் ‘கிருமி இல்லை’ என்று சொல்வதற்கு முன் தடித்த பூச்சில் குறைந்தது 100 காட்சிப் பரப்புகளையாவது பார்க்க வேண்டும். அவசரப்பட்ட கண்ணுக்குக் கிருமி தப்பிவிடும்.

உயிரோடு பார்க்கலாம்

எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகக் காட்டும். ஆனால் அதில் மாதிரியைப் பொதுவாக வெற்றிடத்தில் வைக்க வேண்டும். செல் உயிரோடு இருக்காது. ஒரு செல் இரண்டாகப் பிரிவதை நேரலையாகப் பார்க்க ஒளி மைக்ரோஸ்கோப்தான் வேண்டும்.

200 நானோமீட்டர் எல்லையைத் தாண்டவும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தூரத்துக் கட்டிடத்தில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தால் ஒரே ஒளித்திட்டாகத் தெரியும். ஒவ்வொன்றாக எரிந்தால், எது எங்கே என்று குறித்துக்கொள்ளலாம். செல்லுக்குள் ஒளிரும் மூலக்கூறுகளைச் சில சிலவாக ஒளிரவிட்டு, இப்படியே வரைபடம் தயாரிக்கிறார்கள். இதற்கு வழிவகுத்த எரிக் பெட்ஸிக், வில்லியம் மோர்னர், இன்னொரு வழி கண்ட ஸ்டெஃபான் ஹெல் மூவரும் 2014-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வாங்குவதற்கு முன்...

ஆன்லைனில் ‘2,000 மடங்கு’ என்று விளம்பரம் பார்த்தால் உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். லென்ஸின் பக்கவாட்டில் 40/0.65 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண், அது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, எவ்வளவு சாய்வான ஒளியை அது உள்வாங்கும் என்பதைக் குறிக்கும் எண். பிரிதிறன் இதில்தான் இருக்கிறது. இந்த இரண்டாவது எண்ணை 1,000-ஆல் பெருக்குங்கள். 0.65 என்றால் 650 மடங்கு. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் கிடைப்பது, போனில் ஜூம் செய்த அதே மங்கல்தான்.