மேகம் தங்கும் கோட்டைமலை

இராசபாளையத்தினின்று மேற்கே நோக்குவோர்க்கு நீல மதிலெனத் தோன்றும் மலைத்தொடரில், கேரள எல்லையை ஒட்டி நிற்பது கோட்டைமலை. உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். வடதுருவத்தை அடுத்த அலாஸ்கா மலைகளில் இவ்வுயரத்தில் கோடையிலும் பனி கிடக்கும். நாமோ நிலநடுக்கோட்டிற்கு அணித்தே, ஒன்பதரைப் பாகையில் வாழ்கின்றோம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வெப்பம் குறைந்தும், நம் மலையுச்சிகளில் விளங்குவன சோலையும் புல்வெளியுமே.

தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மேலைச் சரிவிலேயே பெரும்பாலும் பொழிந்துவிடுகின்றது. நமக்கு எஞ்சுவது காற்றே! ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே நம் கண்மாய்களை நிரப்புகின்றது. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இக்காடு, அணிலுக்கும் புலிக்கும் மட்டும் உரியதன்று. அதன் மண் உறிஞ்சிய மழைநீரே ஓடைகளாய்க் கசிந்து, அய்யனார் கோயில் ஆற்றின் வழியே ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை அடைந்து, இராசபாளையத்தார் வீட்டுக் குடங்களுக்கு வந்து சேர்கின்றது.