உடல் எடையைப் படிப்படியாகக் குறைத்தல்

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலானோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மிகை எடையுடையவர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோய்களுக்கு இஃது ஏதுவாகின்றது. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே இவை தணியத் தொடங்கும்.

எடையைக் குறைக்க விழைவோர் பலர் பட்டினியை மேற்கொள்கின்றனர். முதல் வாரத்தில் எடை விரைந்து குறைவது உண்மையே. ஆயின் அவ்வாறு கழிவதில் பெரும்பகுதி நீரேயன்றிக் கொழுப்பன்று. பட்டினி நீடிப்பின் தசையும் தேயும். பழைய உணவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பும்.

வாரத்திற்கு அரைக் கிலோ குறைதல் பொதுவாகப் பாதுகாப்பானது. தொடங்குவோருக்கு அதிற் பாதியே போதும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றலின் சேமிப்பாகும். நாள்தோறும் தேநீரிற் சேர்க்கும் சர்க்கரையில் 20 கிராம் குறைப்பின் 80 கலோரியும், சமையல் எண்ணெயில் 10 கிராம் குறைப்பின் 90 கலோரியும் குறையும்; அரைமணி நேர விரைநடையில் ஏறத்தாழ 100 கலோரி செலவாகும். மூன்றும் சேர்ந்து முதல் மாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோவுக்கு ஈடாகும். பின்னர் வேகம் சற்றுத் தணியும். அது கண்டு சோர்வுறலாகாது.

பருப்பு, பயறு, பால், முட்டை ஆகியவற்றைக் குறைத்தல் தகாது. தசையைக் காப்பன அவையே. வாரம் ஒரு முறை, ஒரே எடைப்பொறியில், காலையில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளல் நலம்.

கருவுற்ற பெண்கள் இம்முயற்சியில் இறங்கலாகாது. நீரிழிவிற்கு மருந்து உட்கொள்வோர் உணவைக் குறைப்பின் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழக்கூடும். அவர்கள் முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்விரண்டையும் கேட்டறிந்த பின்னரே பிறருக்கு அறிவுரை கூறுதல் வேண்டும்.