நிரலுக்கு ஒரு வாயிற்காவல்

ஒரு யந்திரம் என்ன வேலை செய்யும் என்பதை அதன் உறுப்புகள் தீர்மானிக்கின்றன. கணிப்பொறியின் வேலையையோ, அதனுள் இடப்பட்டுள்ள கட்டளைத் தொகுதி தீர்மானிக்கிறது. இத்தொகுதிக்கு நிரல் என்று பெயர். நிரல் மாறினால், உறுப்பு ஒன்றுகூட மாறாமலே, யந்திரம் வேறொரு யந்திரமாகிவிடும். ஆகவே சிறந்த கணிப்பொறியை நிறுவுவது மட்டும் போதாது. அதனுள் எந்த நிரல் நுழையலாம், எது நுழையலாகாது என்பதையும் கண்டிப்பாக வரையறுக்க வேண்டும். அணு உலைகளின் பாதுகாப்பை முன்னிட்டு டிராம்பேயில் நெடுங்காலமாக எண்ணிப் பார்க்கப்பட்டு வரும் இவ்விஷயம், சம்பளப் பட்டியல் முதல் தேர்வு முடிவுகள் வரை கணிப்பொறியையே நம்பியிருக்கும் இக்காலத்தில் நம் அனைவருக்கும் உரியதாகிவிட்டது.

கம்பியும் நிரலும்

மும்பையின் கிழக்குக் கரையில் உள்ள டிராம்பேயில் 1954ஆம் ஆண்டு அணுசக்தி நிலையம் நிறுவப்பெற்றது. 1967 முதல் அது பாபா அணு ஆராய்ச்சி நிலையம் என வழங்குகிறது. நாட்டின் முதல் அணு உலையாகிய அப்சரா, 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் அங்குதான் இயங்கத் தொடங்கியது.

உலையின் வெப்பமோ சக்தியோ வரம்பை மீறுமாயின், எவர் உத்தரவுக்கும் காத்திராமல் உலை தானாகவே அணைய வேண்டும். இதற்கென ஒரே அளவை மூன்று தனித்தனிக் கருவிகளால் அளந்து, அவற்றுள் இரண்டேனும் அபாயம் என்று காட்டினால் உலையை நிறுத்துவது பரவலாகக் கையாளப்படும் முறை. முற்காலத்தில் இத்தகைய தீர்மானங்களை மின்காந்த ரிலேக்களும் அவற்றை இணைக்கும் கம்பிகளுமே செய்தன. அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டுமானால் கம்பியை அறுத்து வேறிடத்தில் பற்றவைக்க வேண்டும். மாற்றம் கண்ணுக்குப் புலப்படும். வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுகொள்ளலாம்.

1969ஆம் ஆண்டில் டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறி டிராம்பேயிலேயே உருவாக்கப்பட்டது. பின்னர் அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு வேலைகள் படிப்படியாகக் கணிப்பொறிகளிடம் வந்தன. இத்தகைய பணிகளுக்கென்றே டி.பி.எல்.சி.-32 என்னும் கட்டுப்பாட்டுக் கருவியையும் டிராம்பே விஞ்ஞானிகள் வகுத்துள்ளனர். இம்முன்னேற்றத்தால் வசதிகள் பெருகின. ஆனால் ஒரு புதிய இடரும் உடன் வந்தது. நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

இதனை உணர்ந்தே, 1983இல் அமைக்கப்பட்டு மும்பை அணுசக்தி நகரில் இயங்கிவரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கனநீர் உலைகளின் கணிப்பொறி அமைப்புகளுக்கென 2010இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. பாதுகாப்பில் அவை வகிக்கும் இடத்திற்கேற்ப அமைப்புகளைத் தரம் பிரிப்பது, நிரலை ஆக்கியவர்களைச் சாராத வேறொரு குழு அதனைச் சரிபார்ப்பது, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து கட்டுப்படுத்துவது ஆகியன இத்துறையில் அடிப்படை விதிகளாகும்.

சோதித்தது ஒன்று, இயங்கியது ஒன்று

இவ்விதிகளுக்குப் பின்னால் இரு கேள்விகள் உள்ளன. நிரல் சரியானதா என்பது முதற் கேள்வி. சரியெனக் கண்ட அதே நிரல்தான் இப்போது இயங்குகிறதா என்பது இரண்டாவது. முதற் கேள்வியில் எல்லோரும் கவனம் செலுத்துவர். இரண்டாவதை மறப்பதே பல விபரீதங்களுக்குக் காரணமாகியுள்ளது.

2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீய நிரல், ஈரானின் நடான்ஸ் நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் யந்திரங்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் புகுந்தது. பொறியாளர் கருவியினுள் உள்ள நிரலைப் படித்துப் பார்க்கும்போது, மாற்றப்பட்ட பகுதியை அது மறைத்துக் காட்டியது. கண்ணில் பட்டது ஒரு நிரல். யந்திரத்தை ஓட்டியது வேறொரு நிரல்.

கேடு செய்யும் எண்ணம் இல்லாமலும் இது நேரும். 2012 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவின் நைட் கேபிடல் என்னும் பங்கு வாணிபக் கம்பெனி, தன் எட்டுக் கணிப்பொறிகளில் புதிய நிரலை ஏற்றியிருந்தது. ஒன்று மட்டும் விடுபட்டுப்போயிற்று. அதில் உறங்கிக் கிடந்த பழைய பகுதி விழித்துக்கொண்டு கண்டபடி ஆணைகளைப் பிறப்பித்தது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் ஏற்பட்டது.

மேகக் கணிமையில் நிரலின் பயணம்

முன்பு ஒரு நிலையத்தில் ஒரு கணிப்பொறி இருந்தது. அதன் அறையைப் பூட்டி வைத்தால் பெரும்பாலும் போதும். இன்று பல ஆயிரம் கணிப்பொறிகளைத் தொலைதூரக் கூடங்களில் தொகுத்து, தேவைக்கேற்ப அவற்றின் திறனைப் பகிர்ந்தளிக்கின்றனர். இதுவே மேகக் கணிமை. அரசுத் துறைகளுக்கென மத்திய அரசு தொடங்கிய இத்தகைய ஏற்பாட்டிற்கு மேகராஜ் என்று பெயர்.

இங்கு நிரலானது ஓர் ஆலையின் வரிசைபோன்ற தொடர் வழியில் செல்கிறது. நிரலர் எழுதுகிறார், மற்றொருவர் படித்து ஒப்புகிறார், தானியங்கிச் சோதனைகள் நடைபெறுகின்றன, பின்னர் அது இயங்கத்தக்க வடிவில் கட்டப்பட்டு, களஞ்சியத்தில் வைக்கப்பட்டு, முடிவில் மக்கள் பயன்படுத்தும் கணிப்பொறிகளை அடைகிறது. ஒரே நாளில் பலமுறை இவ்வாறு நிகழ்வதுண்டு.

வழி நெடுகிலும் எங்கேனும் பொருள் மாறக்கூடும். 2020 டிசம்பரில் வெளியான சோலார்விண்ட்ஸ் சம்பவத்தில், நிரல் கட்டப்படும் கட்டத்திலேயே பகைவர் தம் பகுதியைச் செருகிவிட்டனர். அதன்மேல் கம்பெனியின் உண்மையான முத்திரையே பதிந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் ஐயமின்றி அதனைப் பெற்றனர்.

விரல் ரேகையும் முத்திரையும்

இயங்க வந்திருக்கும் நிரல் சோதித்த நிரல்தானா என்பதை அறியப் பயன்படுவது ‘விரல் ரேகை’ முறை. இதன் கருத்தை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். 4, 7, 2, 5 என்ற இலக்கங்களை எழுதுக. வெறுமனே கூட்டினால் 18 வரும். 7ஐயும் 2ஐயும் இடம் மாற்றினாலும் அதே 18தான், மாற்றம் அகப்படவில்லை. இனி முதல் இலக்கத்தை 1ஆலும், இரண்டாவதை 2ஆலும், அவ்வாறே அடுத்தவற்றை 3, 4 ஆகியவற்றாலும் பெருக்கிக் கூட்டுக. முதல் வரிசைக்கு 44 வரும். இடம் மாறிய வரிசைக்கு 49 வரும். திருட்டு அகப்பட்டுவிட்டது.

இச்சிறு கணக்கை ஏமாற்றுவது எளிது. நடைமுறையில் உள்ள எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையோ, எவ்வளவு பெரிய நிரலையும் 64 குறியீடுகள் கொண்ட ஒரு ரேகையாகச் சுருக்குகிறது. நிரலில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முற்றிலும் வேறாகும். அதே ரேகையுடன் வேறொரு நிரலைப் புனைவதற்கு வழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை.

ரேகையுடன் மின்னணு முத்திரையும் வேண்டும். “இந்த ரேகையுடைய நிரலை நான் சோதித்தேன்” என்று சோதனை நிலையம் தன் இரகசியச் சாவியால் முத்திரையிடுகிறது. அது மெய்யானதுதானா என்பதைப் பொதுச் சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்.

காவலாளியின் கடமைகள்

முத்திரை இருந்தால் மட்டும் பயனில்லை. அதனைப் பார்க்கக் காவலாளி வேண்டும். அவர் நிற்கவேண்டிய இடம், நிரல் இயங்கத் தொடங்கும் கடைசி வாயில். அதற்கு முன் எத்தனை சோதனைகள் நடந்திருந்தாலும், அவற்றைத் தவிர்த்துக் குறுக்கு வழியில் வரும் நிரலைக் கடைசி வாயிலில்தான் தடுக்க முடியும்.

முத்திரையில்லாத நிரலைக் காவல் நிரல் திருப்பி அனுப்ப வேண்டும். நிரலை எழுதியவரே அதற்கு அனுமதி வழங்கலாகாது. அவசர காலத்தில் தடையை நீக்க வழி இருக்கலாம். ஆனால் நீக்கியவர் யார், எதற்காக என்பது அழிக்க முடியாத பதிவேட்டில் ஏற வேண்டும். புதிய நிரலை முதலில் சில கணிப்பொறிகளில் மட்டும் ஏற்றி, நலமெனக் கண்ட பின்னரே பரப்ப வேண்டும். பழைய நிரலுக்கு உடனே திரும்பும் வழியும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

வாயில்கள் அனைத்திலும் காவல் வேண்டும் என்பதை 2024 ஜூலை 19ஆம் நாள் உணர்த்தியது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்புக் கம்பெனி, தன் நிரலைப் படிப்படியாக ஏற்றி வந்தபோதிலும், அதற்கு வழிகாட்டும் தரவுக் கோப்புகளை ஒரே சமயத்தில் எங்கும் அனுப்பிவந்தது. பிழையுள்ள ஒரு கோப்பினால் சுமார் 85 இலட்சம் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டின் சில விமான நிலையங்களிலும் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தர நேர்ந்தது.

முத்திரை கூறாதது

இது சோதித்த நிரல்தான் என்று முத்திரை கூறும். சோதனை போதுமானதா என்று கூறாது. 1985 முதல் 1987 வரை, தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை யந்திரம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கேனும் மிகையான கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தனர். அங்கு வேற்று நிரல் எதுவும் நுழையவில்லை. முந்தைய யந்திரங்களில் இருந்த தனித் தடைகளை நீக்கிவிட்டு, குறையுள்ள நிரலையே முழுவதும் நம்பியதுதான் பிழை. ஆகவே வாயிற்காவல் நல்ல சோதனைக்குத் துணையேயன்றி மாற்று ஆகாது.

நம் பங்கு

களப்பணியாளரும் ஆசிரியரும் இக்காவலில் பங்கு கொள்ளலாம். அலுவலகச் செயலியை அதற்குரிய இடத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். எவரோ செய்தியில் அனுப்பிய கோப்பைக் கைப்பேசியில் ஏற்றலாகாது. குறை நேர்ந்தால், செயலியின் பதிப்பு எண்ணையும் நேரத்தையும் சேர்த்துக் குறித்து அனுப்ப வேண்டும். எந்த நிரல் இயங்கியபோது பிழை நேர்ந்தது என்பதை அவ்வெண்ணே முதலில் காட்டும். பழுது பார்க்கும் பணி அங்கிருந்துதான் தொடங்க முடியும்.