திறக்காத கண்ணாடி

போன வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், போடியிலிருந்து முந்தல் போகிற சாலையில் ஓரத்துப் புல்லை மெஷின் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் சுழற்சியில் ஒரு கல் தெறித்து வந்தது. 'டப்' என்று ஒரே சத்தம். அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினான். எக்ஸ்யூவி 500-இன் கடைசி வரிசை இருக்கையை ஒட்டிய கண்ணாடி, இறக்கவும் முடியாத தள்ளவும் முடியாத அந்த முக்கோணத் துண்டு, முழுக்க வெள்ளை பூத்து நின்றது. உடைந்திருந்தது, ஆனால் விழவில்லை. அண்ணன் விரல் வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. இருக்கை, பை, தரை என்று எங்கும் கல்கண்டைக் கொட்டினாற்போல் கிடந்தது.

அம்மா ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். "கையக் கிழிக்கலையேடா" என்றாள். அவளுக்கு அது ஆச்சரியம்தான். அவளுடைய இடது மணிக்கட்டில் மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அதுவும் வண்டிக் கண்ணாடி போட்டதுதான், அப்பாவின் ஜீப் கண்ணாடி.

எண்பதுகளில் அப்பா மஹிந்திரா ஜீப் ஓட்டினார். விடியுமுன் போடியில் ஆட்களை ஏற்றி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். கித்தான் படுதாவோடு வந்த வண்டிக்கு உள்ளூர்ப் பட்டறையில் தகர டாப் கட்டினார்கள். அதன் இரண்டு பக்கமும் செவ்வகமாக ஓட்டை வெட்டி, பக்கத்துக்கொரு கண்ணாடி. திறக்காத கண்ணாடி. மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் ஒதுங்கத்தான் வேண்டும். ஒதுங்கினால் மரக்கிளை உரசும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கண்ணாடியாவது போகும்.

போனால் பாய் கடைக்குப் போவோம். சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடை, ஜன்னலுக்குக் கண்ணாடி அறுக்கிற கடை, வண்டிக்கும் அதே கடைதான். பாய் முதலில் பழைய செய்தித்தாளை எடுத்து வண்டியின் ஓட்டையில் வைத்து விளிம்பெல்லாம் விரலால் அழுத்தித் தேய்ப்பார். தகரத்தின் முனை தாளில் கோடாக விழும். ரப்பர் பீடிங் உட்காருவதற்கு எவ்வளவு விடவேண்டும் என்று டேப் வைத்து அளந்ததில்லை, கட்டைவிரல் நகத்தை வைத்துக் குறைத்துக்கொள்வார். தாளைக் கண்ணாடி மேல் விரித்து, கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரே இழுப்பு. அந்தக் 'கிர்ர்ர்' பல்லைக் கூசவைக்கும். அடியில் இரண்டு தட்டு, மேசை விளிம்பில் வைத்து ஓர் அமுக்கு. கோட்டின் வழியே துல்லியமாகப் பிரியும். பிறகு தண்ணீர் தெளித்துக் கல்லில் முனையைத் தேய்ப்பார்.

மாட்டுவதுதான் பார்க்க வேண்டிய வேலை. ரப்பர் பீடிங்கில் இரண்டு பள்ளம் இருக்கும். ஒன்றில் கண்ணாடி உட்காரும், மற்றது தகரத்தைக் கவ்வும். தகரத்தைக் கவ்வுகிற பள்ளத்துக்குள் சுற்றிலும் நைலான் கயிற்றைச் செலுத்தி, இரண்டு முனையையும் உள்பக்கம் தொங்கவிடுவார். சோப்புத் தண்ணீர் தடவுவார். வெளியே நின்று பாய் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருந்து அப்பா கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார். கயிறு வெளியேறுகிற இடத்தில் ரப்பர் உதடு மடங்கித் தகரத்தின் மேல் ஏறிக் கவ்விக்கொள்ளும். முழுச் சுற்று முடிந்தால் வேலை முடிந்தது. பசை கிடையாது, காயவைப்பது கிடையாது. கடைசியாக என்னை உள்ளே உட்காரவைத்து அப்பா வெளியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அடித்து ஊற்றுவார். நான் பீடிங்கின் கீழ் ஓரத்தை விரலால் தடவி, ஈரமா காய்ச்சலா என்று சொல்ல வேண்டும். வண்டிக் கண்ணாடி பற்றி எனக்கு வந்த முதல் பாடம் அதுதான்.

இதைச் சொல்லும்போது மனசு இளகுகிறது. ஆனாலும் அந்தக் கண்ணாடி நல்ல கண்ணாடி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடி. உடைந்தால் கத்தி கத்தியாகப் பிரியும். அம்மாவின் மணிக்கட்டை அறுத்தது அப்படியொரு துண்டுதான். ஒரு வளைவில் வண்டி குலுங்கியபோது அவள் கையூன்றிய இடத்தில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. போடி ஆஸ்பத்திரியில் ஏழு தையல். வண்டி நிறைய ஆட்களோடு மலை ஏறிய எத்தனை ஜீப்புகளில் அந்தக் கத்திகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் நூறாவது விதி, வண்டியின் முன்கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடிகளும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்கவேண்டும் என்கிறது. விதி வந்ததும் ஊரில் எல்லாம் மாறிவிடவில்லை. பழைய வண்டிகள் ஓய்கிறவரை பாய் அறுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்றைக்குப் பக்கக் கண்ணாடி என்றால் பெரும்பாலும் டஃபன்ட் கண்ணாடி. வேண்டிய வடிவத்துக்கு முதலில் அறுத்து, முனையைத் தேய்த்து, அறுநூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வளைத்து, சட்டென்று இரண்டு பக்கமும் காற்றை அடித்துக் குளிரவைக்கிறார்கள். மேல்தோல் முந்திக்கொண்டு இறுகிவிடும். உள்ளே மெதுவாகக் குளிர்கிற பகுதி சுருங்கி அந்தத் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் அதன் பலம். அந்த இறுக்கத்தை எங்காவது ஓரிடத்தில் ஆழமாகக் குத்திவிட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கல்கண்டாகிவிடும். அதனால்தான் முனை மழுங்கிய சின்னச் சின்னத் துண்டுகள், அதனால்தான் அம்மா கையில் கீறல் இல்லை.

அதே காரணத்தால் இந்தக் கண்ணாடியைப் பாயால் அறுக்க முடியாது. யாராலுமே முடியாது. சூடாக்கிக் குளிரவைத்த பிறகு கட்டர் வைத்தாலும் துளை போட்டாலும் சிதறிவிடும். ஓட்டைக்கு ஏற்றபடி கண்ணாடியை வெட்டிய காலம் போய், அந்த ஓட்டைக்கென்றே பிறந்த கண்ணாடி வந்து சேரும்வரை காத்திருக்கிற காலம் வந்துவிட்டது. கதவுக் கண்ணாடியாவது ஓரளவு சீக்கிரம் கிடைக்கும். இந்தத் திறக்காத சின்னத் துண்டு சட்டென்று கிடைக்காது. வாங்குகிறவர் குறைவு, அதனால் கடைகள் அடுக்கி வைப்பதில்லை. பல வண்டிகளில் சுற்றிலும் வார்த்த ரப்பர் விளிம்போடு ஒரே உருப்படியாக வருவதால், உள்ளங்கை அகலத் துண்டுக்கும் கதவுக் கண்ணாடி விலை சொல்கிறார்கள்.

வண்டி பழசாகிவிட்டால் இன்னும் சிரமம். 1991-இல் வந்த டாடா சியராவை நினைத்துப் பாருங்கள். பின்னிருக்கைக்குக் கதவே கிடையாது. கூரைவரை வளைந்து ஏறுகிற பெரிய கண்ணாடி, அதுவும் திறக்காதது. அந்த அழகுக்காகவே வாங்கியவர்கள் உண்டு. இன்று அதில் ஒன்று போனால், சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய சாமான் சந்தைகளில் பிரித்துப்போட்ட இன்னொரு சியரா கண்ணில் படவேண்டும். தட்டையான கண்ணாடிக் காலத்தில் எந்த வண்டியும் இப்படி அனாதையானதில்லை. அந்த வசதி ஒன்றை மட்டும் நாம் இழந்துவிட்டோம் என்றே சொல்வேன்.

எங்கள் வண்டிக்குக் கண்ணாடி வருவதற்குள் மழை வந்துவிட்டது. பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு நாலு நாள் ஓட்டினோம். கண்ணாடி வந்ததும், அவசரத்தில், பக்கத்திலேயே இருந்த ஒரு கடையில் கொடுத்துவிட்டோம். அரை மணியில் மாட்டித் தந்தார்கள். பளிச்சென்று இருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கடைசி இருக்கைக்கு அடியில் மிதியடியைத் தூக்கினால் தண்ணீர் நிற்கிறது.

மதுரையில் கண்ணாடி மாற்றுவதையே தொழிலாகச் செய்கிற ஒரு தம்பியிடம் கொண்டுபோனோம். உள்பக்கத்து பிளாஸ்டிக் பேனலைக் கழற்றி, விளிம்பில் கத்தியை விட்டதுமே அவன் முகம் மாறிவிட்டது. "அக்கா, இது சிலிக்கான். குளியலறைக்குப் போடுறது" என்றான். நகத்தால் இழுத்தால் ரப்பர் நாடா போல வந்தது. அடியில் பெயின்ட் கீறியிருந்த இடத்தில் தகரம் அதற்குள் ஆரஞ்சு நிறமாகத் துருவேறியிருந்தது. முன்னால் வேலை செய்தவர் பழைய பசையைச் சுரண்டும்போது கத்தி பெயின்டைத் தாண்டித் தகரத்தைத் தொட்டிருக்கிறது. அதன் மேல் பிரைமர் அடிக்கவில்லை. இரண்டு நிமிஷ வேலை. அதை விட்டதற்கு வண்டியின் எலும்பில் துரு.

வேலை முடிகிறவரை அவன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைக் கழற்ற, மெல்லிய எஃகுக் கம்பியை ஒட்டின இடத்துக்குள் நுழைத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக மாறி மாறி இழுத்து அறுத்தார்கள். பார்த்தபோது பாயும் அப்பாவும் கயிறு இழுத்தது அப்படியே கண்முன் வந்தது. பிறகு சிலிக்கானை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் எடுத்தான், அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காதாம். கம்பெனியில் போட்ட பழைய யுரேத்தேன் பசை இருந்த இடங்களில் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு மட்டமாகச் சீவினான். புதுப் பசைக்கு அதைவிட நல்ல அடித்தளம் இல்லை. துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் தொட்டு, காயவிட்டு டீ குடிக்கப் போனான். கண்ணாடி ஓரத்தில் கறுப்பாக ஒரு கரை இருக்கிறதே, அது அழகுக்கு மட்டுமல்ல என்று அவன்தான் சொன்னான். வெயில் நேராகப் பட்டால் பசை பாழாகும். அந்தக் கறுப்பு அதற்குக் குடை.

பசைக்குழாயின் மூக்கை வி வடிவத்தில் வெட்டி, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக முக்கோண வரப்பு மாதிரி சுற்றிலும் இழுத்தான். எங்காவது நிறுத்தித் தொடர்ந்தால் அந்த இணைப்புதான் நாளைக்கு ஒழுகும் இடம். உறிஞ்சு கப்பால் கண்ணாடியைத் தூக்கி ஒரே முறை வைத்தான், அழுத்தினான், நாலு இடத்தில் டேப் ஒட்டினான். எல்லாமாக மூன்று மணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் அந்த அரை மணி நேர வேலைக்கும் இதற்கும் இம்மியும் வித்தியாசம் தெரியாது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதில்தான். பாயின் கைத்திறமை எல்லோர் கண்ணிலும் பட்டது, கோடு கோணினால் குழந்தைகூடச் சொல்லும். இந்தத் தம்பியின் திறமை முழுவதும் பேனலுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. மறைந்து கிடப்பதால் மதிப்பும் இல்லை, "ஏன் இவ்வளவு நேரம், ஏன் இவ்வளவு கூலி" என்கிற கேள்விதான் மிச்சம். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவள்தான். இனி கேட்கமாட்டேன்.

இன்சூரன்ஸ் பற்றியும் அவனிடம்தான் தெளிந்தேன். தேய்மானம் என்று ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதியைக் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. ஆனால் 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு முதல் 2000 ரூபாய் நம் கைக்காசு. அதோடு, 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற நோ கிளெய்ம் போனஸும் சாதாரண பாலிசியில் கிளெய்ம் செய்தால் போய்விடும். சின்னக் கண்ணாடிக்குப் பெரும்பாலும் கையிலிருந்து கொடுப்பதே லாபம். கண்ணாடியின் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

கிளம்பும்போது அண்ணனிடம் சொன்னான். "ஒரு நாள் டேப்ப எடுக்காதீங்கண்ணே. வாட்டர் வாஷ் ரெண்டு நாளைக்கு வேணாம். முன் கதவுக் கண்ணாடிய ஒரு இஞ்ச் எறக்கி வச்சே ஓட்டுங்க. எல்லாத்தையும் மூடிட்டுக் கதவ ஓங்கிச் சாத்துனா உள்ள இருக்க காத்து கண்ணாடியத் தள்ளும்." மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்டேன். இந்தப் பசை காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், ஈரக்காற்று அதற்கு நல்லதுதான், காரைக் கழுவுகிற மெஷினின் அடிதான் ஆகாது என்றான்.

அப்பாவின் ஜீப்பை விற்றபோது அதன் கடைசிக் கண்ணாடி ஒன்றைப் பாய் அறுத்து, தாத்தா படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தார். கூடத்தில் இன்னும் இருக்கிறது. கல்கண்டாக உதிர்ந்த இந்தக் கண்ணாடியைப் பையில் கட்டிக் குப்பைக்குத்தான் போட்டோம்.

மூன்றாம் நாள் வாசலில் வண்டியை நிறுத்தி அண்ணன் ஹோஸைத் திருப்பினான். அவன் மகன் கடைசி வரிசையில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தான். நான் வெளியிலிருந்து கத்தினேன், "கீழ் ஓரத்த விரலால தடவிப் பாருடா." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தண்ணீர் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அவன் விரல் மெதுவாக ஊர்வது தெரிந்தது. "காய்ச்சலாத்தான் இருக்கு அத்தை!"