கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு செல்போன்

பழைய வாடிக்கையாளர் கடையை விட்டுப் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. மாதம் நான்காயிரம் ரூபாய்க்குச் சாமான் எடுத்த குடும்பம், முதலில் எண்ணெயையும் சோப்பையும் மட்டும் வேறு இடத்தில் வாங்கும். பிறகு பருப்பு போகும். கடைசியில் அவசரத்துக்குத் தீப்பெட்டியும் உப்பும் வாங்க மட்டும் பையனை நம் கடைக்கு அனுப்பும். வருடத்துக்கு 48,000 ரூபாய் வியாபாரம் அது. பத்து வீடுகள் இப்படிப் போனால் 4,80,000 ரூபாய். கடை வாடகையும் கரண்ட் பில்லும் மட்டும் குறையாமல் அப்படியே நிற்கும்.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் செல்போனில் கேட்டால் சில நிமிடங்களில் வாசலில் சரக்கை இறக்குகிற கம்பெனிகள் வந்துவிட்டன. அவர்கள் கொடுக்கும் தள்ளுபடியோடு நாம் மல்லுக்கு நிற்க முடியாது; நின்றால் முதல் கரைந்துவிடும். ஆனால் நம்மிடம் ஒரு சரக்கு இருக்கிறது. எந்த வீட்டுக்குப் பழைய அரிசிதான் வேண்டும், யார் கொட்டை எடுத்த புளிதான் கேட்பார்கள், எந்த வீட்டில் மாமியார் வந்து தங்கினால் காப்பித்தூள் இரட்டிப்பாகும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கம்பெனிக்காரரின் கம்ப்யூட்டரும் போன தடவை வாங்கியதை ஞாபகம் வைத்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் "போன மாதம் கொடுத்த உளுந்து சரியாகப் பொங்கவில்லை" என்று வீட்டம்மா போகிற போக்கில் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, மறு தடவை வேறு மூட்டையிலிருந்து எடுத்துப் போடுகிறவர் கடைக்காரர்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த விவரமெல்லாம் முதலாளியின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவர் இரண்டு நாள் ஊருக்குப் போனால் கடையில் நிற்கும் பையனுக்கு ஒன்றும் தெரியாது. இதற்குக் கம்ப்யூட்டரும் பில் மெஷினும் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இருக்கிற செல்போன் போதும்.

மாத லிஸ்டில் தொடங்குவோம்

கடைக்கென்று தனியாக ஒரு சிம் கார்டு வாங்கிக்கொள்வது நல்லது. சொந்த நம்பரிலேயே கடை வியாபாரத்தையும் நடத்தினால், சம்பந்தி வீட்டுச் செய்திக்கும் சர்க்கரை ஆர்டருக்கும் நடுவே ஒன்று தவறிப் போகும். போனைப் பையனிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகவும் முடியாது. அந்தத் தனி நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளலாம். 2018-ல் வந்தது, காசு கட்டத் தேவையில்லை. கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம், சரக்குகளின் படம், விலை எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைக்கலாம்.

ஆர்டர் பல வடிவத்தில் வரும். சிலர் தாளில் எழுதிய லிஸ்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள். எழுதச் சோம்பல்படுகிறவர்கள் பேசியே அனுப்பிவிடுவார்கள். இரண்டும் நமக்கு நல்லதே. வந்ததும் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பொட்டலம் கட்டும் முன்பே விலையையும் மொத்தத் தொகையையும் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். "துவரம்பருப்பு 1 கிலோ" என்று அவர் எழுதியிருப்பார். விலை ஏறியிருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். சாமான் வீட்டுக்குப் போன பிறகு சொன்னால் அது சண்டை. கேட்ட கம்பெனி சோப்பு இல்லையென்றால் வேறொன்றை நாமாக வைத்து அனுப்பக் கூடாது. "இது இல்லை, அது இருக்கிறது, வைக்கட்டுமா?" என்று ஒரு வரி கேட்டால் போதும். சாயங்காலம் 6 மணிக்கு அனுப்புவதாகச் சொன்னால் 6 மணிக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து நிமிடம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, சொன்ன நேரம் தவறாமல் இருந்தால் சரி.

எல்லாவற்றையும்விடப் பலன் தரக்கூடிய யோசனை ஒன்று. மாதம் 28 ஆனதும், முந்தைய மாதம் அந்த வீட்டுக்குப் போன லிஸ்டை அப்படியே எடுத்து, "போன மாதம் வாங்கியது இது. இதில் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா?" என்று கேட்டு அனுப்பலாம். வீட்டம்மாவுக்கு உட்கார்ந்து எழுதுகிற வேலை மிச்சம். நமக்கோ, சம்பளம் வருமுன்பே எவ்வளவு சரக்குக் கொள்முதல் செய்வது என்ற கணக்குக் கிடைத்துவிடுகிறது. பதில் வராத வீடு எது என்பதும் அன்றே தெரிந்துவிடும். அந்த வீட்டாரைத் தெருவில் பார்த்தால் நலம் விசாரித்து, சரக்கில் ஏதாவது குறையா என்று கேட்டு வைப்பது நல்லது. ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்குவது சுலபம் என்று பலர் தொடங்கிவிடுகிறார்கள். நாம் அதை வேண்டாம் என்போம். குரூப்பில் சேர்ந்த எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் அதிகம் வாங்கும் கடையில் இது வீண் வம்பு. அதற்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்ற வசதி இருக்கிறது. செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும். ஒரே நிபந்தனை, அவர்கள் நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருக்க வேண்டும். ஆகவே பில் சீட்டில் நம்பரை அச்சடித்து, "இதைப் பதிந்து வையுங்கள்" என்று நேரிலேயே சொல்லிவிட வேண்டியதுதான்.

தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பும் கடைக்காரரின் செய்தியை மூன்றாம் நாள் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மாதத்துக்கு இரண்டு செய்தி போதும். பிள்ளையார் சதுர்த்திக்கு நாலு நாள் முன்பு கொழுக்கட்டை மாவும் உருண்டை வெல்லமும் வந்திருப்பதைச் சொல்லலாம். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை. புரட்டாசியில் அசைவம் நிறுத்தும் வீடுகளுக்குப் பயறு வகை. ரம்ஜானுக்குச் சேமியாவும் முந்திரியும். சரக்கைத் தட்டில் பரப்பி, வாசல் வெளிச்சத்தில் வைத்து நாமே எடுத்த படம்தான் எடுபடும். எங்கிருந்தோ எடுத்த பளபளப்புப் படத்தை மக்கள் நம்புவதில்லை.

பற்று நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கடன் கொடுத்த அன்றே "இன்று ரூ. 340, மொத்தப் பாக்கி ரூ. 1,260" என்று ஒரு வரி அவருடைய நம்பருக்குத் தனியாக அனுப்பிவிட்டால், மாதக் கடைசியில் "நான் வாங்கவே இல்லையே" என்ற பேச்சு எழாது. பாக்கிக்காரர் பெயரை நாலு பேர் பார்க்கும்படி போடுவது மட்டும் கூடவே கூடாது. பணம் வந்தாலும் ஆள் போய்விடுவார்.

பெயர் வெளியே தெரிய

கூகுள் மேப்பில் நம் கடை இருக்கிறதா என்று இன்றே தேடிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் சேர்க்கலாம், கட்டணம் கிடையாது. இருந்தால் நம்பரும், திறக்கும் நேரமும், வார விடுமுறையும் சரியா என்று பார்க்க வேண்டும். "முதல் பக்கத்தில் வரவைக்கிறோம், பணம் கட்டுங்கள்" என்று போனில் பேசுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

மஞ்சப்பையை மறந்துவிட்டோம். ஜவுளிக் கடையும் கல்யாண வீடும் பெயர் அச்சடித்துக் கொடுத்த பையைவிட மலிவான விளம்பரம் நம் ஊரில் இருந்ததில்லை. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தை அரசே தொடங்கியது. கடைப் பெயரோடு வாட்ஸ்அப் நம்பரையும் அச்சடித்து, பெரிய லிஸ்ட் எடுக்கும் வீடுகளுக்கு மட்டும் ஒன்று கொடுத்தால் அது வருடக்கணக்கில் பஸ்ஸிலும் சந்தையிலும் நம் பெயரைச் சுமக்கும்.

பணம் வரும் வழி

2016-ல் வந்த யுபிஐ இன்று பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. வாங்குகிறவரின் வங்கிக் கணக்கிலிருந்து நம் கணக்குக்கு நேராக வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. தொகையை உரக்கச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிக்கு மட்டும் மாத வாடகை பிடிப்பதுண்டு. கணக்கில் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

"அனுப்பிவிட்டேன்" என்று வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பிச் சரக்கைக் கொடுக்கக் கூடாது. அதேபோல் காட்டப் போலிச் செயலிகள் இருக்கின்றன. ஸ்பீக்கர் சொல்ல வேண்டும், அல்லது நம் போனில் வரவு தெரிய வேண்டும். கூட்ட நேரத்தில்தான் இந்த ஏமாற்று நடக்கும் என்பதைக் கடைப் பையனுக்குச் சொல்லி வைக்க வேண்டும். நம் கியூஆர் அட்டையின் மேல் வேறொருவர் அட்டையை ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. காலையில் கடை திறந்ததும் வீட்டுப் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்; அதுவே அன்றைய போணி! பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்டால் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வழியுண்டு.

இன்னொரு விஷயம் வரி. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவைக் கணக்கெடுத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தன. உறவினர் அனுப்பியதும் கைமாற்று வாங்கியதும்கூட விற்பனைக் கணக்கில் சேர்ந்துவிட்டதாக வியாபாரிகள் முறையிட்டார்கள். பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை என்று பிறகு அம்மாநில அரசு சொன்னது. அட்டையைக் கழற்றுவது நம் ஊருக்கும் தீர்வாகாது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று பிரித்து, கடையின் கியூஆரைக் கடைக் கணக்கில் மட்டும் இணைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். வரியில்லாத சரக்கின் விற்பனையும் அந்தக் கூட்டலில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வரம்பை நெருங்குகிறவர்கள், ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்களுக்கான 1 சதவீத காம்போசிஷன் திட்டம் தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளலாம். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க அதில் இடமில்லை. கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. ஆகவே கடைக் கணக்கின் கடந்த பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டையும் பற்று நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு, நோட்டீஸ் வருமுன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.