முதல் சாம்பியன் எங்கே போனது?

கல்கத்தாவில் இருந்துகொண்டு கால்பந்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டு போகிற காரியந்தான். ஆனாலும் நம் அன்பர்களிடம் ஒரு கேள்வி. பிரெஞ்சு நாட்டின் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் முதல் சாம்பியன் யார்? மார்செய் என்பார்கள் சிலர். பாரிஸ் சாங்-ஜெர்மாங் என்பார்கள் இளைஞர்கள். அந்தக் கிளப் பிறந்ததே 1970-ல்தான். சரியான விடை ஒலிம்பீக் லீல்வா. 1933-ல் கோப்பையை வென்ற அந்தக் கிளப், அடுத்த பதினோரு ஆண்டுகளில் பெயரளவில்கூட இல்லாமல் போயிற்று. அது எப்படி நடந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லீல் என்பது பிரான்சின் வட கோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டிய தொழில் நகரம். 'லீல்வா' என்றால் லீல் ஊரைச் சேர்ந்தது என்று பொருள். ரயில்வேயில் வேலை பார்த்த எனக்குக் கால்பந்துக்கு முன்பே இந்த ஊரின் பெயர் தெரியும். 1861-ல் தொடங்கிய ஃபீவ்-லீல் கம்பெனி, ரயில் எஞ்சின்களும் இரும்புப் பாலங்களும் செய்து பேர்பெற்றது. ஈஃபில் கோபுரத்தில் 1899-ல் பொருத்திய லிஃப்டுகளும் அவர்கள் செய்தவையே. ஃபீவ் என்பது தனிக் கிராமமாக இருந்து 1858-ல் லீல் நகரோடு சேர்க்கப்பட்ட பகுதி. நகரின் மையத்துக்கும் ஃபீவுக்கும் நடுவே ரயில் பாதைகள் கிடக்கின்றன. பாதைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும். பக்கத்து ஊரான எல்லெம்மில் ரயில்வே ஒர்க்ஷாப். நம் காஞ்சரப்பாராவை நினைத்துக்கொண்டால் அந்தச் சூழ்நிலை ஓரளவு விளங்கிவிடும்.

இந்த ஒரே நகரத்தில் இரண்டு கிளப்புகள் இருந்தன. ஃபீவ் ஸ்போர்ட்டிங் கிளப் 1901-லும் ஒலிம்பீக் லீல்வா 1902-லும் தோன்றியவை. பிரான்சில் சங்கங்கள் அமைப்பதற்கான புகழ்பெற்ற சட்டம் வந்ததும் 1901-ல்தான். நம் தமிழ்ச் சங்கத்தைப் போலவே அவையும் உறுப்பினர்கள் கூடி நடத்திய சங்கங்களே. ஒலிம்பீக் நகரத்துப் பெரிய மனிதர்களின் கிளப். ஃபீவ் தொழிலாளர் பேட்டையின் கிளப். போட்டிக்கும் பொறாமைக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

முதலில் உயர்ந்தது ஒலிம்பீக். 1914-ல் அன்றைய அமெச்சூர் சாம்பியன் பட்டத்தை வென்றது. சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. அந்த அக்டோபரில் லீல் ஜெர்மானியர் கையில் விழுந்து, 1918 அக்டோபர் வரை நான்கு ஆண்டுகள் அவர்கள் பிடியிலேயே இருந்தது. நாட்டின் மிகச் சிறந்த அணிக்கு மைதானமும் இல்லை, ஆடுபவர்களும் இல்லை. போருக்குப் பின் அதைத் தூக்கி நிறுத்தியவர் ஆன்ரி ஜோரிஸ் என்ற தலைவர். வடக்குப் பிராந்திய லீக்குக்கும் அவரே தலைவர்.

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆடுவதைப் பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனம் 1930-ல் ஏற்றது. தேசிய லீக் 1932-ல் தொடங்கியது. இப்படி ஒரு லீக் வந்தால் தம்முடைய பிராந்திய லீக் படுத்துவிடுமே என்று ஜோரிஸ் அஞ்சினார். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவருடைய கிளப் புதிய லீக்கில் சேர்ந்தது, சேர்ந்த முதல் ஆண்டே வென்றது!

அந்த முதல் பருவத்தில் இருபது கிளப்புகளைப் பத்துப் பத்தாக இரண்டு பிரிவுகளாக்கி, இரு பிரிவுகளிலும் முதலில் வருபவை இறுதி ஆட்டம் ஆட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒரு பிரிவில் ஒலிம்பீக் முதலிடம். மற்றதில் தென்கோடியின் ஆந்திப் அணி. ஆனால் ஆந்திப் ஒரு ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகச் சந்தேகம் எழுந்து, அதைத் தகுதிநீக்கம் செய்தார்கள். எந்த ஆட்டம் என்கிறீர்கள்? ஃபீவ் அணியோடு ஆடிய ஆட்டம்! ஆந்திப்பின் இடத்தில் கான் நகரத்து அணி வந்தது. 1933 மே 14-ஆம் தேதி பாரிஸை அடுத்த கொலோம்ப் மைதானத்தில் ஒலிம்பீக் 4-3 என்று வென்றது. பயிற்சியாளர் ரொபெர் டி வீன் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பெல்ஜியர்.

ஃபீவும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1934-ல், லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. ஒரு நகரத்தில் ஒரு ஆண்டு சாம்பியன், மறு ஆண்டு இரண்டாமிடம். அதுவும் வேறு வேறு கிளப்புகள். இன்று எந்த பிரெஞ்சு நகரமும் இப்படி மார்தட்ட முடியாது. 1938 உலகக் கோப்பையின் கால் இறுதி ஒன்று, ஹங்கேரிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே, ஒலிம்பீக்கின் மைதானத்தில்தான் நடந்தது. 1939-ல் பிரெஞ்சுக் கோப்பையின் இறுதிவரை வந்து, ஒலிம்பீக் பாரிஸின் ராசிங் அணியிடம் 1-3 என்று தோற்றது.

மறுபடியும் போர். 1940-ல் ஜோரிஸ் காலமானார். மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். லீல் வட்டாரத்தை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து பிரித்து, பிரஸ்ஸல்ஸிலிருந்த ஜெர்மன் ராணுவ நிர்வாகத்தின் கீழ் வைத்தார்கள். இந்த நெருக்கடியிலும் ஃபீவ் 1941 பிரெஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போய், போர்தோ அணியிடம் 0-2 என்று தோற்றது.

பிறகு வந்ததுதான் விசித்திரம். விஷி அரசாங்கத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த கர்னல் பாஸ்கோ, 1943-44 பருவத்துக்குத் தொழில்முறைக் கிளப் அணிகளையே ஒழித்தார். நாட்டுக்குப் பதினாறு பிராந்திய அணிகள். ஆட்டக்காரர்களுக்கு அரசாங்கச் சம்பளம். ஒலிம்பீக், ஃபீவ் என்ற பேச்சுக்கே இடமில்லை. 'லீல்-ஃப்ளாந்தர்' என்று ஒரே அணி. அந்த ஒரு பருவத்தோடு பாஸ்கோவின் திட்டம் மண்ணோடு மண்ணாயிற்று. ஆனால் பரம எதிரிகள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட முடியும் என்பதை ஊர் ஒரு தடவை பார்த்துவிட்டது.

1944 செப்டம்பர் தொடக்கத்தில் லீல் விடுதலையானது. கிளப்புகள் இரண்டும் ஆள் பலமும் பண பலமும் இழந்து கிடந்தன. தனித்தனியே நின்றால் இரண்டும் விழும் என்ற நிலை. அந்த மாதமே இணைந்தன. முதலில் வைத்த பெயர் ஸ்டாட் லீல்வா. இரண்டே மாதத்தில் அதை மாற்றி, லீல் ஒலிம்பீக் ஸ்போர்ட்டிங் கிளப் என்று ஆக்கினார்கள். சுருக்கமாக லோஸ்க்.

இந்தப் பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். லீல் ஊர்ப்பெயர். ஒலிம்பீக் ஒரு கிளப்பின் பங்கு. ஸ்போர்ட்டிங் கிளப் மற்றதின் பங்கு. ஆரம்ப ஆண்டுகளில் இரு கிளப்புகளின் மைதானங்களையும் பயன்படுத்தினார்கள். ஃபீவின் ஆட்டக்காரர் பூர்போத் புதிய அணிக்குக் கேப்டன். ஃபீவின் தலைவராக இருந்த லூயி என்னோ பின்னர் லோஸ்க்கின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். ஆக, பெரியது சின்னதை விழுங்கியது என்று எவரும் சொல்ல முடியாதபடி பார்த்துக்கொண்டார்கள். எம்.எஸ்.எம்., எஸ்.ஐ.ஆர்., மைசூர் ரயில்வே மூன்றும் 1951-ல் சதர்ன் ரயில்வே ஆனபோது பழைய பெயர்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது நமக்குத் தெரியும். லீல்காரர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

பலன் உடனே கிடைத்தது. 1946-ல் லீக், கோப்பை இரண்டுமே லோஸ்க்குக்கு. கோப்பையை 1947, 1948 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றது. 1945 முதல் 1949 வரை ஐந்து ஆண்டும் இறுதி ஆட்டத்தில் லோஸ்க்! பிறகு 1954, 2011, 2021 ஆண்டுகளிலும் லீக் பட்டம் பெற்றது.

கூட்டிப் பாருங்கள்: நான்கு லீக் பட்டங்கள். 1933 அதில் இல்லை. அது ஒலிம்பீக் லீல்வா என்ற தனிப் பெயரில்தான் பட்டியலில் நிற்கிறது, வாரிசு இல்லாத சொத்து மாதிரி. லோஸ்க் பிறந்தது 1944-ல். பிறப்பதற்கு முன் வென்ற கோப்பையை எப்படிச் சேர்ப்பது என்பது ஏட்டின் நியாயம். கிளப்பின் பெயரில் பாதி எங்களுடையதுதானே என்பது பழைய ரசிகனின் நியாயம். இரண்டையும் தள்ள முடியாது.

இது எங்கோ பிரான்சில் நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. ஐ.எஸ்.எல். போட்டியின் முதல் சாம்பியன் யார்? 2014-ல் நம் ஊரின் அத்லெட்டிகோ டி கொல்கத்தா. பின்னாளில் ஏடிகே என்றானது. மூன்று முறை வென்ற அந்த அணி 2020-ல் மோகன் பகானோடு சேர்ந்தது. மோகன் பகான் ரசிகர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் ஒட்டியிருப்பதைப் பொறுக்காமல் போராடினார்கள்; 2023-ல் அந்த ஒட்டு நீங்கியது. ஏடிகே வென்ற மூன்று கோப்பைகளும் ஏடிகே பெயரிலேயே தனியாக நிற்கின்றன. முதல் சாம்பியன் மறைந்துபோவது லீலுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

லீலில் எஞ்சியது என்ன? ஜோரிஸ் பெயர் தாங்கிய பழைய மைதானத்தை 1975-ல் இடித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த புதிய மைதானத்துக்கும் அவர் பெயரைச் சேர்த்தே வைத்தார்கள். அதுவும் பின்னர் போயிற்று. 1983-ல் ஓட்டுநரே இல்லாமல் ஓடத் தொடங்கிய லீல் மெட்ரோவின் முதல் பாதையில் ஃபீவ் என்றொரு நிலையம் உண்டு. ஆனால் ரயில் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஆடிய ஆட்டம் திரும்ப வரவில்லை. இணைப்பினால் கிடைத்தது கோப்பைகள். போனது அந்தச் சண்டை. சங்கம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, சில சமயம் சண்டை போடவும் ஒரு எதிர்க்கட்சி வேண்டும்!