டயல்-அப் மோடம் ஏன் கீச்சுன்னு கத்துச்சு?
எங்க கொடுமுடியில அப்போ வைஃபை ஏதுங்க, நெட்டு வந்ததே டெலிபோன் ஒயர்லதான். மோடம் கார்டை பிசிஐ ஸ்லாட்டில் சொருகி, டிரைவர் போடணும். சுவத்துலருந்து வர்ற ஒயர் ‘லைன்’ ஓட்டைக்கு, போன் ‘போன்’ ஓட்டைக்கு. பழைய எக்ஸ்சேஞ்சுன்னா ‘டோன்’ எடுக்காது, ‘பல்ஸ்’னு மாத்தணும். பிஎஸ்என்எல் சஞ்சார்நெட் கணக்கா? அதுக்குன்னு இருந்த நம்பரை டயல் பண்ணணும்.

உடனே கேக்குற கீச்சு சத்தம், ரெண்டு மோடமும் ‘இந்த லைன் எவ்வளவு வேகம் தாங்கும்?’னு பேசி முடிவு பண்றது. லைன்ல இரைச்சல் இருந்தா வேகம் குறையும். முழுசா 56 கேபிபிஎஸ் கிடைச்சாலும் 5 எம்பி பாட்டு இறங்க 12 நிமிஷம்.

அதுவரை யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. ஆஸ்பத்திரியிலருந்து அவசரச் சேதின்னாலும் வராது. அதனால, நெட் போடறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்.